வீடு தரும் அரசு, மண் தராத அரசு
அன்னை சத்தியவாணி முத்து நினைவுச் சொற்பொழிவு – எழுத்து வடிவம்



அன்னை சத்தியவாணி முத்து நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த இலக்கிய அரங்கத் தோழர்களுக்கு நன்றி. அவருடைய அரசியல் வாழ்வு உங்களில் பலருக்குத் தெரியும். 1957இல் பெரம்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 'அன்னை' என்ற இதழை நடத்தினார். 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். ஆட்சியில் இருந்தபோதே தாழ்த்தப்பட்ட மக்களின் கேள்விகளைக் கேட்டு, 1974இல் தி.மு.க.விலிருந்து வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1979இல் ஒன்றிய அமைச்சரானார். தன் வாழ்க்கை வரலாற்றுக்கு 'எனது போராட்டம்' என்று பெயர் வைத்தார்.

இன்றைக்கு அவருடைய பெயர் அரசுத் தாள்களில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், இரண்டு இடங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, சமூக நலத்துறையின் திட்டம்: சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம். இன்னொன்று, சென்னைத் தீவுத்திடலை ஒட்டிக் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர். 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், அந்த நகரை அரசு இடிக்கத் தொடங்கியது. மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது.

ஒரே பெயரில் தையல் இயந்திரம் தருகிற அரசும், அதே பெயரில் இருந்த நகரை இடிக்கிற அரசும் வேறு வேறு அரசுகளா? நல்ல அதிகாரி, கெட்ட அதிகாரி, இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பிரித்துச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே அரசுதான், ஒரே பார்வைதான் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம். அந்தப் பார்வையில் நகர்ப்புற ஏழை ஒரு பயனாளி. பயனாளிக்குப் பொருள் கொடுக்கலாம், வீடும் கொடுக்கலாம். ஆனால், அவர் நிற்கும் மண்ணின் மேல் அவருக்கு உரிமை உண்டு என்று மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டைக் கொடுத்து மண்ணை எடுத்துக்கொள்வதுதான் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் பரிவர்த்தனை.

ஒரு வாரியம், இரண்டு பெயர்கள்

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முழக்கம். ஏழாண்டுகளுக்குள் சென்னையில் குடிசையே இல்லாமல் செய்வோம் என்று இலக்கு வைத்தார்கள். அது வெறும் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் ஒழுகும், கோடையில் தீப்பிடிக்கும் குடிசைகளில் இருந்தவர்களுக்கு, அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடிகளில் கான்கிரீட் வீடு கிடைத்தது. கடற்கரையிலும் வடசென்னையிலும் அந்தக் காலத்தில் எழுந்த வாரியக் குடியிருப்புகள்தான் இன்று இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முகவரியாக இருக்கின்றன.

ஆனால், அந்த வாரியத்துக்குத் தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்ததைக் கவனியுங்கள். தமிழில் 'குடிசை மாற்று'. குடிசை போய் வீடு வரும் என்று மக்கள் காதில் விழுந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்லம் கிளியரன்ஸ்'. அதற்குக் குடிசைப் பகுதியையே அகற்றுவது என்று பொருள். மாற்றுவது வீட்டைப் பற்றிய சொல். அகற்றுவது மக்களைப் பற்றிய சொல். மேடையில் தமிழ்ப் பெயர் பேசியது. கோப்பில் ஆங்கிலப் பெயர் வேலை செய்தது. 2021இல் அந்தப் பெயரை மாற்றி, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று வைத்தார்கள். குடிசை என்ற சொல்லும் போயிற்று, அகற்றுதல் என்ற சொல்லும் போயிற்று. சொல் போனதோடு செயலும் போனதா என்பதுதான் நம் கேள்வி.

1971இல் வந்த குடிசைப் பகுதி மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டத்தை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அதன் 3ஆவது பிரிவு, ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. அப்படி அறிவித்தால் அரசு அங்கே தண்ணீர், விளக்கு, கழிப்பறை, பாதை என்று வசதி செய்து தரலாம். 29ஆவது பிரிவு, அந்தப் பகுதியில் குடியிருப்பவரை உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளியேற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது. அதாவது, 'குடிசைப் பகுதி' என்று அறிவிக்கப்படுவது அவமானம் இல்லை. அதுதான் பாதுகாப்பு.

1971இல் சென்னையில் 1,202 பகுதிகளைப் பட்டியலில் சேர்த்தார்கள். 1985இல் இன்னும் 17 பகுதிகள் சேர்ந்தன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாகப் பட்டியல் நீளவில்லை. நகரம் பெருத்தது, குடிசைகள் பெருகின, பட்டியல் அப்படியே நின்றது. இதன் விளைவு என்ன? பட்டியலில் இருப்பவர் 'குடிசைவாசி'. பட்டியலில் இல்லாதவர் 'ஆக்கிரமிப்பாளர்'. இரண்டு குடும்பங்களும் ஒரே மாதிரிக் கூரையின் கீழ், ஒரே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து வரிசையில் நிற்பவர்கள்தான். ஒருவருக்குச் சட்டம் இருக்கிறது, மற்றவருக்குப் புல்டோசர் இருக்கிறது. அரசு யாரையும் புதிதாக எதிர்க்கவில்லை. புதிதாக யார் பெயரையும் எழுதாமல் இருந்தது, அவ்வளவுதான். எழுதாமல் இருப்பதும் ஒரு ஆட்சி முறை.

புறம்போக்கு என்னும் சொல்

நம் மக்கள் ஏன் ஆற்றங்கரையில் இருந்தார்கள்? 'ஆற்றை ஆக்கிரமித்தார்கள்' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அந்தக் கேள்வியை நிலத்தின் வரலாற்றிலிருந்து கேட்க வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் தயவில் இருந்ததை அவர் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் அளவுக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அதில் எவ்வளவு இன்று நம் கையில் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததை இந்த அரங்கம் மறக்காது. அதே செங்கல்பட்டு மாவட்டம் அது.

கிராமத்தில் நிலம் இல்லாதவர்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், ஆலையில் நின்றார்கள், தெருவைக் கூட்டினார்கள், சாக்கடையில் இறங்கினார்கள். நகரத்துக்கு அவர்கள் உழைப்பு வேண்டியிருந்தது. அவர்கள் தூங்குவதற்கு இடம் ஒதுக்க நகரம் நினைக்கவில்லை. வேறு யாரும் வேண்டாம் என்று விட்ட இடமே மிஞ்சியது. கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம், தண்டவாள ஓரம். அங்கே மண்ணைக் கொட்டி, மேடாக்கி, குடியிருக்கத் தக்க நிலமாக அதை ஆக்கியது அவர்கள் உழைப்பு.

1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரங்களில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. பிரச்சினைக்குத் தீர்வாக ஆதிதிராவிடர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றலாம் என்ற குரல் அப்போதே எழுந்தது. எம்.சி. ராஜா போன்றவர்கள் அந்த மக்களுக்காகப் பேசினார்கள். நூறாண்டுக்கு முன் கலவரத்தைக் காரணம் காட்டிக் கேட்டதை, இன்று வெள்ளத்தையும் நதிச் சீரமைப்பையும் காரணம் காட்டிச் செய்கிறார்கள். காரணங்கள் மாறுகின்றன. போகச் சொல்லும் திசை மாறவில்லை.

வருவாய்த்துறையின் மொழியில் இந்த இடங்கள் எல்லாம் புறம்போக்கு. அதிலும் இரண்டு வகை: ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. முதல் வகையில் இருந்தால் பட்டா கேட்கலாம். இரண்டாவது வகையில், நீர்நிலை ஓரத்தில் இருந்தால், எத்தனை தலைமுறை இருந்தாலும் கேட்க முடியாது. யாருடைய ஆட்சேபணை என்று மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியை நேர் எதிர்ப்புறமிருந்து பார்த்தார். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் ஒரு குடியமர்வு ஆணையம் கேட்டார். சாகுபடி செய்யப்படாத அரசு நிலங்களை அந்த ஆணையத்திடம் ஒப்படைத்து, அதில் பட்டியல் சாதி மக்களுக்குத் தனிக் கிராமங்கள் அமைக்க வேண்டும் என்றார். அவருக்குப் புறம்போக்கு என்பது நம் உரிமைக்கான ஆதாரம். இன்றைய அரசுக்குப் புறம்போக்கு என்பது நம்மை அப்புறப்படுத்துவதற்கான ஆதாரம்.

'அம்பேத்கரே தனிக் குடியிருப்பு கேட்டாரே, பெரும்பாக்கம் அப்படித்தானே' என்று என்னிடம் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நல்ல கேள்விதான். அம்பேத்கர் கேட்டது நிலத்தோடு கூடிய ஊர். சாதி இந்துவிடம் கூலிக்குக் கைகட்டி நிற்காமல் சொந்த மண்ணில் பிழைப்பதற்கான ஊர். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம் இருக்கிறது, காலடியில் ஒரு பிடி மண் சொந்தம் இல்லை, பிழைப்பு இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பிழைப்பிலிருந்து பிரித்து வைப்பதற்குப் பெயர் தனியூர் இல்லை. அது ஊருக்கு வெளியே சேரி.

இடத்திலேயே செய்து காட்டிய காலம்

'நகரத்துக்குள் இடம் இல்லை, வேறு வழி இல்லை' என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். வேறு வழி இருந்தது என்பதற்கு இந்த நகரமே சாட்சி.

1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனை பிரித்து, பாதை போட்டு, தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் கொடுத்து, வீட்டை மக்களே தங்கள் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டார்கள். இன்னொரு பக்கம், இருக்கிற குடிசைப் பகுதிகளை இருக்கிற இடத்திலேயே மேம்படுத்தி, தவணையில் பணம் கட்டி மனையைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி செய்தார்கள். உலக வங்கி ஏழைகள் மேல் கொண்ட அன்பால் இதைச் செய்யவில்லை. மாடி வீடு கட்டித் தருவதைவிடச் செலவு குறைவு என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு எப்படி இருந்தாலும், மக்களுக்குக் காலடி மண் கிடைத்தது. மண் உறுதியானதும் ஓலை ஓடாயிற்று, ஓடு தளமாயிற்று. யாரும் வந்து குடிசையை மாற்றித் தரவில்லை, அவர்களே மாற்றிக்கொண்டார்கள்.

அதே காலத்தில் நீதிமன்றத்திலும் ஒரு போராட்டம் நடந்தது. 1981இல் சென்னை நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த அரசு இறங்கியபோது, அன்று வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு உச்ச நீதிமன்றம் போனார். 1985இல், பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் கூட்டங்களில் இந்த வரியை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். தீர்ப்பின் மறுபாதியைச் சொல்வதில்லை. முறையான அறிவிப்பு கொடுத்து, நடைமுறையைப் பின்பற்றினால் அப்புறப்படுத்தலாம் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. சென்னை வழக்கில், குடிசை மேம்பாட்டுக்காகத் தமிழக அரசு செய்துவருவதாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, மழைக்காலம் முடியும்வரை அவகாசம் கொடுத்தது. உரிமை தத்துவத்தில் கிடைத்தது. நடைமுறையில் கிடைத்தது அவகாசம்.

கண்ணகி நகரிலிருந்து பெரும்பாக்கம் வரை

2000ஆம் ஆண்டை ஒட்டித் திசை மாறியது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. அதையொட்டி எழில் நகர். இரண்டும் சேர்ந்து இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்க காலத்தில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடிக்கும் குறைவு. அடுத்து செம்மஞ்சேரி, ஆறாயிரத்துக்கும் மேல். அடுத்து பெரும்பாக்கம், இருபதாயிரத்துக்கும் மேல். ஒன்றிய அரசின் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டப் பணம் வந்தது, மேம்பாலமும் பூங்காவும் நதிச் சீரமைப்பும் வந்தன. அந்தந்த இடத்திலிருந்து எழுப்பப்பட்ட மக்களைக் கொண்டுபோய் நிறுத்த ஆயத்தமாக வீடுகள் இருந்தன. நகரத்தின் புதுப்பிப்பும் இந்தக் குடியிருப்புகளும் ஒரே இயந்திரத்தின் இரண்டு சக்கரங்கள்.

கூவம் சீரமைப்புக்காக மட்டும் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அப்புறப்படுத்தத் திட்டமிட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த வேலை வேகம் பிடித்தது. 'உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான்' என்றார்கள். காப்பாற்றிக் கொண்டுபோய் வைத்த செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் வெள்ளம் பாயும் தாழ்வான பகுதிகள். பெருமழை பெய்தால் அங்கேயும் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வருகிறது.

ஆற்றை ஆக்கிரமித்தது யார் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பக்கிங்காம் கால்வாயைப் போய்ப் பார்க்கலாம். பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கியிருக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டிப் போகிறது. பள்ளிக்கரணை சதுப்பில்தான் நகரத்தின் குப்பை மலையாகக் குவிந்தது. இவை எதுவும் பதிவேட்டில் ஆக்கிரமிப்பு இல்லை, இவை வளர்ச்சி. ஆற்றின் மேல் ஓடுபாதை போகலாம், ஆற்றின் ஓரத்தில் அடுப்பு எரியக் கூடாது. ஆறு மீள வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. சாக்கடை நாற்றத்தில் அரை நூற்றாண்டு படுத்துத் தூங்கியவர்களைவிட ஆறு சுத்தமாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் யார்? ஆறு சுத்தமாகும் நேரத்தில் அவர்கள் அங்கே இருக்கக் கூடாது என்பதுதான் நாம் எதிர்க்கிற செய்தி.

அப்புறப்படுத்தப்பட்ட பிறகு என்ன ஆகிறது? தீவுத்திடல் பக்கம் மீன்பாடி வண்டி ஓட்டியவர், பாரிமுனையில் சுமை தூக்கியவர், சுற்றுவட்டார வீடுகளில் பாத்திரம் தேய்த்த அக்கா – இவர்கள் வேலைக்கு நடந்து போனவர்கள். இப்போது விடியும் முன் பேருந்து பிடிக்க வேண்டும். பஸ் காசும் நேரமும் போக மிஞ்சுவது கட்டுப்படியாகாமல் பெண்கள்தான் முதலில் வேலையை விடுகிறார்கள். கல்வியாண்டின் நடுவில் பெயர்த்து நட்ட பிள்ளைகளில் பலர் பள்ளிக்குத் திரும்புவதில்லை. அரசின் கணக்கில் அவர்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. கணக்கில் வீட்டுக்கு ஒரு பத்தி இருக்கிறது. இழந்த வேலைக்கு, நின்ற படிப்புக்கு, அக்கம்பக்கத்தில் கைமாற்றாகக் கிடைத்த நூறு ரூபாய்க்குப் பத்தி கிடையாது.

இதையெல்லாம்விட ஆழமான காயம் முகவரி. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது என்பதை அங்கே வளர்ந்த எந்த இளைஞரைக் கேட்டாலும் சொல்வார். ஏதாவது குற்றம் நடந்தால் காவல் வண்டி முதலில் அங்கே வரும். கிராமத்தில் 'எந்தத் தெரு' என்று கேட்டால் சாதி தெரிந்துவிடும். நகரத்தில் அந்த வேலையை இப்போது பின்கோடு செய்கிறது. அரசே உருவாக்கிக் கொடுத்த முகவரி இது.

2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கலைஞர்கள் வந்து பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். மாநகராட்சியின் ஒத்துழைப்போடு அது 'கலை மாவட்டம்' ஆயிற்று. படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். ஓவியத்தை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால், சுவருக்கு வெளிப்பக்கம் வண்ணம் அடிப்பதும், சுவருக்கு உள்ளே இருப்பவர் பெயரில் பத்திரம் எழுதுவதும் வேறு வேறு வேலைகள். முதலாவதற்கு ஆள் உடனே கிடைக்கிறது.

அந்த முகவரியைத் தலைநிமிரச் செய்தவர் ஒரு பெண். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய கார்த்திகா. தமிழகமே அவரைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று அழைத்தது. சொல்லக் கூசிய ஊர்ப்பெயர் பட்டம் ஆயிற்று. அந்தப் பெருமை அவருக்கும் அந்த மக்களுக்கும் சேர வேண்டியது. மேடையில் அவரோடு படம் எடுத்துக்கொண்ட எல்லோரும் கண்ணகி நகருக்குப் பேருந்தும் மைதானமும் மருத்துவமனையும் போதுமா என்று கேட்டால்தான் அந்தப் பாராட்டு முழுமையாகும்.

இடித்துக் கட்டுதல் என்னும் புதிய கட்டம்

இப்போது அடுத்த கட்டம் நடக்கிறது. எழுபதுகளில் கட்டிய வாரியக் குடியிருப்புகள் பழுதாகிவிட்டன. அவற்றை இடித்து, அதே இடத்தில் உயரமாகக் கட்டுகிறார்கள். இடத்திலேயே கட்டுவதை நாம் வரவேற்க வேண்டும். நாம் கேட்டதே அதைத்தான். கட்டி முடியும்வரை வெளியே தங்குவதற்கான உதவித்தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தியதும் நல்ல செய்திதான். ஆனால், கட்டி முடியப் பல ஆண்டுகள் ஆகும் நகரத்தில், 24,000 ரூபாய் எத்தனை மாத வாடகைக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

புளியந்தோப்பு கே.பி. பார்க்கை எடுத்துக்கொள்வோம். நான் முன்பு சொன்ன அதே புளியந்தோப்பு. பழைய குடியிருப்பை இடித்து 1,920 வீடுகள் கட்டினார்கள். 2021 ஆகஸ்டில் குடியேறிய மக்கள் சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்வதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். சென்னை ஐஐடி வல்லுநர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். பூச்சின் தரக்குறைவு உறுதியானது. இன்னொரு பக்கம், ஏற்கெனவே அங்கே வாழ்ந்த குடும்பங்களிடமே பயனாளி பங்களிப்பு என்று ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டார்கள். தன் வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு வெளியே போனவர், திரும்பி வரும்போது பயனாளியாகி, பங்குத்தொகை கட்ட வேண்டியவராகிறார். அவர் ஏற்கெனவே கொடுத்த பங்கு ஒன்று இருக்கிறது: அரை நூற்றாண்டு அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. அதற்கு எந்தக் கணக்கிலும் விலை போடவில்லை.

2021 அக்டோபரில் மறுகுடியமர்வு, மறுவாழ்வுக்கான வரைவுக் கொள்கையை அரசு வெளியிட்டது. மக்களைக் கலந்து பேச வேண்டும் என்பது போன்ற நல்ல அம்சங்கள் அதில் உண்டு. 2022 மே மாதம் மந்தைவெளிப் பக்கம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தன்னையே தீயிட்டுக்கொண்டு இறந்தார். இடிப்பதை நிறுத்தியதும், அந்தப் பகுதிக்கு அருகிலேயே மாற்று வீடு தருவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்ததும் அதன் பிறகுதான். அருகில் வீடு தர முடியும் என்பது ஒரு உயிர் போன பிறகுதான் அரசுக்குத் தெரிய வந்ததா? வரைவுக் கொள்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அதனால்தான் இரக்கம் வரும் நாளில் கொள்கை நினைவுக்கு வருகிறது, மற்ற நாட்களில் வருவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களே, கோபப்படுவதோடு நின்றுவிட்டால் இந்தக் கூட்டம் வீண். சில வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தாள் கேளுங்கள். இடிக்க வரும்போது மட்டும் ஓடிப்போய் நிற்பது போதாது. உங்கள் பகுதி 1971 சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியா, நிலம் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது, எந்த வகைப் புறம்போக்கு என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே கேட்டு வாங்கி வையுங்கள். அறிவிக்கப்படாத பகுதிகளை அறிவிக்கச் சொல்லி மனு கொடுங்கள். பட்டியலை மீண்டும் திறக்க வைப்பது தலித் இயக்கங்களின் கோரிக்கையாக வேண்டும். இன்றுவரை அது ஏதோ தொண்டு நிறுவனங்களின் வேலை என்று இருந்துவிட்டோம்.

இரண்டாவது, ஒதுக்கீட்டு ஆணைக்கும் கிரயப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். வாரிய வீட்டில் பல ஆண்டு வாழ்ந்தும் ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்திருப்பவர் ஏராளம். ஆணை என்பது அனுமதி, பத்திரம் என்பது உரிமை. இடித்துக் கட்டும் ஒவ்வொரு இடத்திலும், இடிப்பதற்கு முன்பே, யாருக்கு எந்த வீடு, நிலத்தில் எவ்வளவு பங்கு என்று பெண்கள் பெயரில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இதைச் சாதிக் கேள்வியாகப் பேசுங்கள். குடிசைப் பகுதியில் மீனவர் இருக்கிறார், இஸ்லாமியர் இருக்கிறார், பிற்படுத்தப்பட்ட ஏழையும் இருக்கிறார். அவர்கள் எல்லோரோடும் சேர்ந்துதான் போராட வேண்டும். அதே சமயம், இது வெறும் வறுமைப் பிரச்சினை என்று சொல்லி நம் வாயை அடைக்கவும் விடக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரை அவர்களது நிலத்திலிருந்தோ இருப்பிடத்திலிருந்தோ சட்டவிரோதமாக வெளியேற்றுவதைக் குற்றம் என்கிறது. 'அவர்களது' என்ற அந்தச் சொல்லில்தான் அரசு தப்பிக்கிறது. அது உங்கள் நிலமே இல்லை என்கிறது. ஆகவே, மண்ணுரிமை இல்லாமல் வன்கொடுமைச் சட்டம்கூட நமக்குப் பாதி ஆயுதம்தான்.

நான்காவது, எழுதுங்கள். இது இலக்கிய அரங்கம் என்பதால் இதைச் சொல்கிறேன். கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' போன்ற நாவல்கள் சென்னையின் அடித்தள மக்களை இலக்கியத்தில் இருத்தியிருக்கின்றன. சிந்தாதிரிப்பேட்டைக் கரை முழுவதும் நாளை பூங்காவானாலும், அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதற்கு 'பேட்டை' சான்றாக நிற்கும். ஆனால், கண்ணகி நகருக்கு இப்போது வயது இருபத்தைந்து. அங்கே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தண்டனை முகாம் மட்டும் இல்லை, சொந்த ஊர். அந்த ஊரின் கதையை வெளியிலிருந்து போகும் என்னைப் போன்றவர்கள் பரிதாபமாகச் சொல்வதைவிட அங்கிருந்து வரும் கை எழுத வேண்டும். இந்த அரங்கம் அடுத்த ஆண்டுக் கூட்டத்தைப் பெரும்பாக்கத்தில் நடத்தினால், அது சத்தியவாணி முத்துவுக்குச் செய்யும் சரியான மரியாதையாக இருக்கும்.

தோழர்களே, அரசு நமக்கு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்திருக்கிறது, அதை வாங்க நமக்கு உரிமை இருக்கிறது. கொடுப்பவர் கொடுத்த கையாலேயே எடுத்துக்கொள்ள முடிகிற வரைக்கும் அது கொடை. எடுக்க முடியாதபடி எழுதி வாங்கும்போதுதான் அது உரிமையாகிறது. சத்தியவாணி முத்து அமைச்சராக இருந்துகொண்டே இந்த வேறுபாட்டை உணர்ந்தவர். அதனால்தான் நாற்காலியை விட்டு இறங்கினார். அவர் பெயரில் கிடைக்கும் தையல் இயந்திரத்தை நம் பெண்கள் வாங்கட்டும். அதை வைத்துத் தைக்க, யாரும் வந்து இடிக்க முடியாத ஒரு வீடும், அந்த வீட்டின் அடியில் அவர்கள் பெயரில் எழுதிய மண்ணும் வேண்டும். அதைக் கேட்கும் குரலாக நாம் இருப்போம்.